மூட்டைக்கு டிக்கெட் கேட்டது யார்

திண்டிவனத்தில் உன் தெரு முனையில் ஆட்டோ நின்றபோது என்னை முதலில் எதிர்கொண்டவள் நீதான். ஆளுயரத்தை விஞ்சிய ஃபிளெக்ஸ் பலகையில், கணினி சூட்டிய ரோஜா மாலையோடு நின்றிருந்தாய். முதலாம் ஆண்டு நினைவு. வெயிலில் புதுப் பலகையின் மருந்து நெடி மூக்கைத் தாக்கியது. உன் படத்துக்குக் கீழே 'அமைதியின் உருவமே' என்று அச்சிட்டிருந்தார்கள். நீ இருந்த அறையில் அமைதியும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நம் கல்லூரி ஆண்டு விழாவில் எடுத்த படம் அது. அருகில் நானும் நின்றிருந்தேன். கடைக்காரர் என்னை வெட்டியெடுத்துவிட்டு இடது தோளை மட்டும் மறந்துவிட்டார். உன் கன்னத்தை ஒட்டி, யாருடையதென்று தெரியாத ஒரு பச்சைப் புடவைத் துண்டு.

உன் மகளிடம் காட்டினேன். "அய்யோ, நான் பாக்கவே இல்ல ஆன்ட்டி. ஜல்தி ஜல்தின்னு அடிச்சுக் குடுத்துட்டாரு" என்றாள்.

"பரவாயில்ல. உங்கம்மா பக்கத்துல நிக்கத் தோள் ஒண்ணு போதும்."

தேவாலயத்தில் உன் நினைவுப் பூசை முடிந்து சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள். "நீங்க உங்க வாழ்க்கைய எழுதுங்க ஆன்ட்டி. ரிட்டயராகி சும்மாதான இருக்கீங்க? நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்."

"எனக்கு இனிமே நாலு பேர் தேவைப்படறது தூக்கறதுக்குத்தாம்மா."

சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நீயாக இருந்தால் உரக்கச் சிரித்துவிட்டு, அந்த நாலு பேரின் பெயரைச் சொல் பார்க்கலாம் என்றிருப்பாய். இரண்டுக்கு மேல் என்னால் சொல்லியிருக்க முடியாது.

எழுதும் எண்ணம் எனக்கு முன்பே உண்டு என்பது அவளுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பணி ஓய்வு பெற்றபோது உன்னிடம் சொன்னேன். "எதுக்கு எழுதற? அத மொதல்ல சொல்லு" என்றாய். விடை இல்லாததால் நோட்டை மூடி வைத்தேன். இப்போது விழுப்புரம் திரும்பி, மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து, அதே கேள்வியோடு மல்லுக்கு நின்றேன். இளைய தலைமுறைக்கு வழிகாட்டவா? நான் நடந்த வழியில் இன்னொருத்தி நடக்கவேண்டும் என்று விரும்பும் அளவுக்கு எனக்கு யார்மீதும் பகை இல்லை. நம்மைப் படுத்திய கல்லூரி முதல்வரைப் பழிதீர்க்கவா? அவர் செத்துப்போனார், அடித்தாலும் வலிக்காது. மறக்கப்படாமல் இருக்கவா? மறக்கவேண்டியவர்கள் மறந்து வெகுகாலம் ஆகிறது.

காரணம் கிடைக்காமலேயே எழுதத் தொடங்கினேன். 1993இல் நாம் வேலைக்குச் சேர்ந்த புதிது. திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் வரை பாசஞ்சரில் போவோம். ஒருநாள் பெட்டியில் ஒருவர் மல்லாட்டை மூட்டையை இருக்கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து கடலையை உடைத்துத் தின்றபடி நம்மை நிற்கவிட்டு வேடிக்கை பார்த்தார். "மூட்டைக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களா? எடுத்திருந்தா அது உக்காரட்டும், நாங்க நிக்கறோம்" என்று நான் கேட்டேன். பெட்டியே சிரித்தது. மூட்டை கீழே இறங்கியது.

இந்தக் கதையை ஆசிரியர் அறையில் நான் சொல்லும்போதெல்லாம் நீ குறுக்கே விழுவாய். "இன்னாடி, மறுபடியும் அந்த மூட்டைய உன் தலையில ஏத்திக்கினியா? கேட்டது நானு. நீ அப்பெல்லாம் வாயத் தொறந்தா மேடைப் பேச்சுதான் வரும். 'ஐயா, தாங்கள் இதைச் சற்றே அகற்ற இயலுமா'ன்னு ஆரம்பிச்சிருப்ப. நீ முடிக்கறதுக்குள்ள விழுப்புரமே வந்திருக்கும்."

வலுவான வாதம்தான். நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஓய்வு பெறும்வரை அந்த வழக்கு தீரவில்லை.

இம்முறை என் கட்சியை முழுதாக எழுதி, உரக்கப் படித்தேன். யாரும் குறுக்கே விழவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி வராததால் வழக்கு எனக்குச் சாதகமாகிவிட்டது. அந்த வெற்றி வாயில் மண்ணாக இருந்தது. ஒற்றைச் சான்றை நம்பாதீர்கள் என்று காலமெல்லாம் வரலாறு கற்பித்தவள் நான். என் வாழ்க்கைக்கு இரண்டாம் சான்று நீ ஒருத்திதான் என்பதை அப்போதுதான் கண்டேன். நீ போன பிறகு நான் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய தனிமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு விடை அதுதான். என்னை மறுத்துப் பேச ஆள் வேண்டும், அதற்காக எழுதுகிறேன். அன்று முதல், என் கட்சிக்குக் கீழே உன் கட்சியையும் எழுதுகிறேன், உன் சொற்களிலேயே. பல இடங்களில் நீதான் ஜெயிக்கிறாய். எரிச்சலாக இருக்கிறது, எழுத்து நகர்கிறது.

நேற்று உன் அடக்கத்தை எழுதினேன். நாம் இருவரும் போய், ஒருத்தி மட்டும் பார்த்துவிட்டு வந்த நிகழ்ச்சி அது ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் மழை தூறியது என்று எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே தூறியதா, பிறகு நானே சேர்த்துக்கொண்டதா, உறுதியில்லை. உன் கட்சியை எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. உன் மகளிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல ஆன்ட்டி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்த மழை வரியை நான் அடிக்கவில்லை. புத்தகமாக வந்தபின் திண்டிவனத்திலிருந்து யாராவது படியேறி வந்து, "அன்னைக்கு ஏதுங்க மழ? வெயிலு மண்டையப் பொளந்துச்சே" என்று கேட்கக்கூடும். வரட்டும். உட்காரவைத்துச் சண்டை போட எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.