பத்துக்கு ஆறு

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

விடுமுறைக்கும் ஊருக்கு வராமல் இங்கேயே, எழுதத் தடுமாறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். பத்து நாளாக ஒரு வரிகூட எழுதாத பெண் நேற்று, "மொதல்ல அந்த சிவப்புப் பேனாவ உள்ள வைங்க மிஸ், எழுதறேன்" என்றாள். வைத்தேன். இரண்டு பக்கம் எழுதித் தள்ளிவிட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சுருக்கென்றது.

நம் மகள் எனக்கு எழுதிய ஒரே கடிதத்தைத் திருத்தி, பத்துக்கு ஆறு போட்டுத் திருப்பி அனுப்பினேனே! அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை. அவள் கையெழுத்தில் என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

நான் கேட்ட தலைவலித் தைலம் அனுப்பும்போது, அவள் கிழிக்காமல் வைத்திருந்தால் அந்தக் கடிதத்தையும் அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

அவளைக் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
டீச்சரம்மா