என் மணிக்கட்டில் நீங்கள் போட்ட முடிச்சு

மாலைச் செபம் முடித்து மெழுகுதிரியை அணைத்தபோது, அலுமாரிக்குள் உங்கள் கைப்பட்டி மறுபடியும் அதிர்ந்தது. மடித்து வைத்த உங்கள் வேட்டிகளுக்கு நடுவில் மூன்று தரம். சிறிது நிறுத்தி, மீண்டும் மூன்று தரம். துடிப்பு அகப்படாவிட்டால் காலையும் மாலையும் அப்படி அதிரும்படிதான் நம் மகள் அதைச் செய்திருக்கிறாள். நீங்கள் போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன. அது இன்னும் உங்களைத் தேடுகிறது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அதற்கு மின்னேற்றி வைப்பவள் நானே. ஆகவே குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

உங்களுக்கு முதல் தரம் நெஞ்சு நொந்தபோது கடல் கொந்தளித்துக் கிடந்தது. எழுவைதீவிலிருந்து படகு விடவில்லை. மறுநாள் மத்தியானம்தான் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனோம். யாழ்ப்பாணத்தில் மின்னணுவியல் படிப்பிக்கும் மகள் அன்று இறங்குதுறையில் நின்ற கோலத்தை நீங்கள் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் இந்தப் பட்டியைச் செய்யத் தொடங்கினாள். மணிக்கட்டில் கட்டினால் அது இதயத் துடிப்பை எடுத்து, வீட்டுக் கைபேசி வழியாகத் தன்னிடம் அனுப்பவேண்டும். துடிப்பு குழம்பினால் வேளைக்கே படகு ஒழுங்கு செய்யலாம். உங்களில் சரிவந்தால் தீவுகளில் உள்ள மற்ற இதய நோயாளிகளுக்கும் கொடுப்பது அவள் எண்ணம்.

முதலில் செய்த பட்டிக்கு உலோகக் கொழுக்கி வைத்திருந்தாள். திறந்தால் அது அவளுக்குத் தெரியும். இரண்டு கிழமையில் உப்புக் காற்றில் இறுகிப்போனது. நீங்கள் கத்தியால் நெம்பி எடுத்து, மேசையில் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "கடற்கரைக் கைக்குக் கொழுக்கி சரிவராது பிள்ளை. கட்டி அவிழ்க்கிறமாதிரிச் செய்." வலை பொத்தும் நைலோன் நூலைத் திரித்து நீங்களே வார் பின்னிக் கொடுத்தீர்கள். அவள் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டாள். அவளுடைய வரைபடத்தில் உங்கள் முடிச்சு ஏறியது. அன்று முழுவதும் நீங்கள் நடந்த நடையை நான் பார்த்தேன்.

பிறகு நீங்கள் கிணற்றடியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறந்த நாள் வந்தது. கால் மணித்தியாலத்துக்கு மேல் கழற்றியிருந்தால் அவளுக்குச் செய்தி போகும். வகுப்பை விட்டுவிட்டு அடுத்த படகில் ஓடிவந்தாள். நீங்கள் கதிரையில் இருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தீர்கள். அவள் முன்னாலேயே உங்களை ஏசினேன். பிள்ளையை வீணாக அலையவிடக்கூடாது, இனி ஒருநாளும் அந்தச் செய்தி போகக்கூடாது என்று கட்டளை போட்டேன். கன்னியர் மடத்தில் படித்த காலத்திலிருந்து எனக்கு ஒரு ஒழுங்கு தவறக்கூடாது. அது உங்களுக்குத் தெரியும்.

கடலில் இறங்க வேண்டாம் என்று டொக்டரும் மகளும் உங்களைத் தடுத்திருந்தார்கள். நீங்களோ முழங்காலளவு தண்ணீரில் நண்டு வலை கட்டாமல் இருக்கமாட்டீர்கள். பட்டிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. கழற்றினால் செய்தி போகும். "இஞ்சரும், கையை நீட்டும்," என்றீர்கள். "ஒரு மணித்தியாலந்தானே. நீர் கட்டியிரும்." நான் தடுத்திருக்கவேண்டும். நீட்டினேன்.

அன்று பின்னேரம் மகள் தொலைபேசியில், "அப்பா, காலமை உங்கட இதயம் நல்லா அடிச்சிருக்கு," என்று பாராட்டினாள். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு வந்தீர்கள். "மடத்துப் பிள்ளையின்ரை இதயம் எல்லோ, வரிசை தப்பாது." நானும் சிரித்தேன். கிழவரும் கிழவியுமாகச் சேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரு களவு செய்தோம்.

மூன்றாம் தரம் என் கையில் கட்டிவிட்டுப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

பக்கத்து வளவு அருளப்பு நீங்கள் அலைக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கக் கண்டு, படகு கேட்க மகளுக்குத் தொலைபேசி எடுத்தாராம். அவள் சொன்னதை அவர் பிறகு என்னிடம் சொன்னார்: "பதறாதேங்கோ அண்ணை. எழுபத்திரண்டு அடிக்குது. அப்பாவுக்கு ஒண்டுமில்லை, நான் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறன்." அந்த எழுபத்திரண்டு, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னுடையது.

சத்தம் கேட்டு ஓடும்போது பட்டியை உருவி மடியில் செருகினேன். மெலிந்த கை, முடிச்சு அவிழாமலே வந்தது. மகள் வந்து இறங்கியதும் அதை அவளிடம் கொடுத்தேன். உங்கள் கையிலிருந்து கழற்றியதாக அவள் நினைத்தாள். நான் மறுக்கவில்லை. பொய் சொன்னதற்காக ஒரு காலத்தில் நம் பெரிய மகனை நாள் முழுக்கச் சாப்பிடவிடாதவள் நான்.

அவள் மாதக்கணக்கில் அதைத் திறந்து திறந்து பூட்டினாள். பிழை அகப்படவில்லை. கடைசியில் திருப்பித் தந்துவிட்டாள். மற்றத் தீவுகளுக்கென்று செய்த பதினொரு பட்டிகளையும் பெட்டிக்குள் போட்டு மூடி இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். போன கிழமை உங்கள் ஆண்டுத் திருப்பலி முடிந்து சேமக்காலையில் நிற்கும்போது, உங்கள் கல்லறையைப் பார்த்தபடி, "நான் செய்த சாமான்தான் அப்பாவைச் சாகடிச்சது," என்றாள். அந்தக் கல்லுக்கு முன்னால் எனக்கு அதற்குமேல் நிற்க ஏலாமல் போயிற்று. சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "எத்தினை மணிக்குக் கட்டினவர்?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்து கணினியில் அந்தக் காலையை எடுத்தாள். உங்கள் துடிப்பு சில அடிகளுக்கு ஒருமுறை நொண்டும். ஆறு பத்துவரை அந்த நொண்டல் இருந்தது. ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகு பள்ளிக்கூட வரிசை போல நேராகப் போனது. "இது அப்பா," என்று தொட்டாள். "இது நீங்கள்." நெடுநேரம் இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "இயந்திரம் பிழை விடேல்லை. ஒரு வருசம், அம்மா."

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. விடியப் படகேறப் புறப்படும்போது அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு பட்டியை என் கையில் கட்டினாள். கட்டியிருப்பது யாருடைய இதயம் என்று இனி அது கண்டுபிடிக்கவேண்டும், அதைத்தான் செய்யப்போகிறேன் என்றாள். அது என் இடக்கையில் என் பெயரிலேயே ஓடுகிறது.

உங்களுடையது இப்போது என் வலக்கையில். அலுமாரியில் இருந்து எடுத்து, நீங்கள் அன்று போட்ட முடிச்சை அவிழ்க்காமல் மாட்டினேன். உடனே அடங்கிவிட்டது. மகளின் கைபேசியில் இந்நேரம் உங்கள் பெயருக்குக் கீழே ஓர் இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கும். அவள் பார்த்திருப்பாள். அழைப்பு வரவில்லை, பெயரையும் அவள் அழிக்கவில்லை.

பிழை என்று கண்டதை வாழ்நாளில் நான் திருத்தாமல் விட்டதில்லை. என்னை நீங்கள் என்று நம்புகிறது இது. இந்த ஒன்றைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.