பலகையில் வைத்த மீன்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். வெட்டும் கத்திக்குச் சாணை. பலகையின் கால் ஆடுகிறது, ஆப்பு அடிக்கவும்.

தா. வெளியே வந்துவிட்டான். முழுப் பெயரை எழுதக் கை வரவில்லை. என் தம்பி சேகரை ஐஸ் கம்பெனி வாசலில் குத்திச் சாய்த்தவன். எட்டு வருஷம் உள்ளே இருந்தான்.

காசிமேட்டில் என் பக்கத்துப் பலகையில் மீன் வெட்டும் எல்லம்மாதான் சொன்னாள். "அவன் வந்துட்டான் ண்ணா. ஏசு ஏசுன்னு சொல்லிகினு கீறல்ல, இனிமேதான் கீது ஒனக்கு."

ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து, கத்தியைத் தொடும் முன் ஒரே ஜெபம். ஆண்டவரே, இன்று ஒரு நாள் உமக்குக் கீழ்ப்படிகிறேன். இன்றும் சொன்னேன். வாய்தான் சொன்னது. பிறகு வெட்டிய ஒவ்வொரு மீன் தலையும் அவன் தலை.

ஜூலை 9, புதன்
தூறல். பாஸ்டரைப் பார்த்தேன். முன்பு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சுற்றி வளைக்கத் தெரியாது. "தொழில் கத்தி இருக்கட்டும். அவனுக்குன்னு ஒண்ணு வெச்சிகினு கீறியே, அத்த கொண்டாந்து பீடத்துல வை."

கொண்டுபோய் வைத்தேன். பிடி உடைந்த பழைய கத்தி, பேப்பரில் சுற்றி. பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தார். என் மனைவி மெர்சி சந்தோஷத்தில் அழுதாள்.

அவனுக்கென்று வைத்திருக்கிற சேகரின் நீளக் கத்தி பரண் மேல் அப்படியே இருக்கிறது. ஆண்டவருக்கே மொக்கைக் கத்தியைக் கொடுத்து ஏமாற்றினேன். தூ, நானெல்லாம் ஒரு விசுவாசி.

ஜூலை 11, வெள்ளி
ஜெபம் இல்லை. நீளக் கத்தியைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். டீக்கடையில் தா. உட்கார்ந்திருந்தான். பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். சேகர் மண்ணுக்குள், இவன் வாயில் பன். கூட்டம் இருந்ததால் தப்பினான்.

ஐஸ் வண்டிக்காரர் என் காலில் சக்கரத்தை ஏற்றினார். தெரியாமல்தான். விட்டேன் ஒரு குத்து. பல் ஒன்று கையோடு வந்தது. நன்றாக இருந்தது. எழுத வெட்கம், ஆனால் நன்றாக இருந்தது.

மெர்சி கைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே: "அவன் இன்னாய்யா பண்ணான் ஒன்ன? யார் மேல கீற கோவத்த யார் மேல காட்டுற?"

ஜூலை 12, சனி
வெயில். நல்ல கூட்டம்.

எங்கள் வரிசையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பலகையில் யார் மீன் வைத்தாலும் வேண்டாம் என்று தள்ளக் கூடாது. தள்ளினால் மறுநாள் பலகை கிடையாது. பெரிய மீன் என்றால் கொண்டுவந்தவரே வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்காமல் இருக்க.

பத்து மணி இருக்கும். பலகையில் ஒரு வஞ்சிரம் வந்து விழுந்தது. நிமிர்ந்தால் தா.

"துண்டு போடு ண்ணா." இரண்டு கையாலும் வாலைப் பிடித்துக்கொண்டான்.

எல்லம்மாவின் கத்தி நின்றது. பக்கத்தில் எல்லாக் கத்தியும் நின்றது. நான் பலகைக்கு அடியில் வைத்திருந்த சாக்கைப் பிரித்தேன். சேகரின் கத்தியை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. முகம் வெளுத்தது, ஆனால் வாலை விடவில்லை.

ஆண்டவரே, இப்போது என்று மட்டும் சொன்னேன். ஜெபத்தின் மீதி வாயில் வரவில்லை.

மீன் தலையை வெட்டிப் போட்டேன். முதல் துண்டு. இரண்டு, மூன்று. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் விரல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கடைசித் துண்டுக்கு விரலுக்கும் கத்திக்கும் அரை அங்குலம்.

"கைய எடுடா."

"எடுக்க மாட்டேன். நீ வெட்டு ண்ணா."

"எடுடா சனியனே."

எடுக்கவில்லை. கத்தியை ஓங்கினேன். எல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வெட்டினேன். வால் தனியாக அவன் கையில். விரல் பத்தும் இருந்தது.

துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, "திங்கக்கெழம வரேன்" என்று போய்விட்டான். நான் கழிவு டிரம் பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு
புழுக்கம். நீளக் கத்தியைக் கழுவாமலே பீடத்தில் வைத்தேன். பாஸ்டர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்ப புதங்கெழம வெச்சது இன்னாது?" என்றார். சொன்னேன். திட்டவில்லை.

மன்னித்தேனா? இல்லை. கொல்ல வேண்டும் என்று இந்த நிமிஷமும் கை அரிக்கிறது.

செய்ய: ஐஸ் வண்டிக்காரர் வீட்டுக்குப் போய் காலில் விழ. பலகைக்கு ஆப்பு, இன்னும் அடிக்கவில்லை. வெட்டும் கத்திக்குச் சாணை.

நாளை திங்கள். அவன் வருவான்.