சகலையின் கேம்பர் வேனும் மூவாயிரம் சுற்றும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இன்ஜின் ஃபிட்டர்
(பேருந்துப் பணிமனை, இன்ஜின் சோதனைப் பிரிவு, முப்பத்தோரு ஆண்டுகள்),
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்:
மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: இன்ஜின் மாற்றப்பட்ட கேம்பர் வேன் அளவுக்கு மீறிய சுற்று வேகத்தில் ஓட்டப்படுவது, வெள்ளிக்கிழமை மலைப் பயணத்துக்கு முன் அதை நிறுத்தி ஆய்வு செய்ய வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. படுக்கையும் அடுப்பும் பொருத்திய வெள்ளை நிற கேம்பர் வேன் ஒன்று என் மனைவியின் தங்கை கணவருக்கு, அதாவது என் சகலைக்கு, சொந்தமானது. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் தொழில். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிப்பவர். ஆனாலும் சொந்தபந்தங்கள் அவரை ‘பைலட்’ என்றே அழைக்கிறார்கள்.

2. அந்த வேனின் பழைய பெட்ரோல் இன்ஜின் பழுதானபோது, சரக்கு வண்டியின் டீசல் இன்ஜின் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தவன் நான். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் அதன் அடியில் படுத்துக் கிடந்தேன். வேலை முடிந்து, சொந்தக்காரர்கள் கூடிய முதல் விருந்திலேயே அவர், “இன்ஜின நான்தான் மாத்தினேன்” என்று சொன்னார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். இன்ஜின் மாற்றத்துக்குத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்த ஆவணத்தில் ஃபிட்டர் என்று யார் பெயர் இருக்கிறது என்பது தங்களுக்கே தெரியும்.

3. பெட்ரோல் இன்ஜின் ஐயாயிரம் சுற்றைத் தாங்கும். இந்த டீசல் தாங்காது. நிமிடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு சுற்றுதான் இதன் உச்ச வரம்பு. எனவே ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங் அருகில் ஒட்டினேன்: சமவெளியில் 2100 முதல் 2400 வரை, ஏற்றத்தில் 2600, இறக்கத்தில் எக்காரணம் கொண்டும் 3000-ஐத் தாண்டக் கூடாது.

4. ஆனால் ஒரு மாதமாக அந்த வண்டி என் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் இன்ஜின் அலறுகிறது. பைலட் என் சீட்டைக் குப்பையாக மதித்து, தலைகால் புரியாமல் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார் என்பதே என் புகார்.

5. இது பொறாமை என்று தாங்கள் நினைக்கலாம். பொறாமைதான் ஐயா. மறைக்கவில்லை. அவர்கள் ஏரிக்கரையில் வேனை நிறுத்தி டீ போடும் படத்தை என் மனைவி தினமும் என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். “தங்கச்சி வீட்டுக்காரர் அவளுக்கு ஊரெல்லாம் காட்டுறாரு. நீங்க எனக்குக் காட்டினது உங்க பணிமனைய மட்டும்தான்” என்கிறாள். இந்த வெள்ளிக்கிழமை காலை அவளும் அவர்களோடு மலைக்குப் போகிறாள். என்னையும் கூப்பிட்டார்கள். முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். முதுகுக்கு ஒன்றுமில்லை.

6. இந்த மனுவுக்கு ஆதாரம் திரட்ட, போன ஞாயிற்றுக்கிழமை, சுற்று அளக்கும் என் கைமீட்டரோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சர்வீஸ் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி, என் மனைவியையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். அவள் வேனின் சுற்று மீட்டரில் முள்ளைப் பார்த்து, “ரெண்டாயிரத்து நானூறு!” என்று கத்தினாள். என் கைமீட்டரில் மூவாயிரத்து இருநூறு. மறுபடி மிதிக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

7. ஆகவே மேலே 4-ஆம் பத்தியில் சனிக்கிழமையே எழுதி வைத்ததை ரத்து செய்கிறேன். புதிதாக எழுத வேறு தாள் இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறேன். பெட்ரோல் இன்ஜினில் சுற்று மீட்டருக்குக் கணக்குக் கொடுக்கும் ஸ்பார்க் காயில் டீசலில் கிடையாது என்பதால், வேனின் மீட்டருக்கு, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரிலிருந்து இணைப்பு கொடுத்தேன். பெல்ட் ஓடும் அதன் புல்லியில் விரிசல் விட்டிருந்ததால், அந்தப் பதினோராவது ஞாயிற்றுக்கிழமை கையில் கிடைத்த பெரிய புல்லியை மாட்டினேன். பெரிய புல்லி மெதுவாகச் சுற்றும். முள்ளும் குறைத்தே காட்டும். அதற்கேற்ப மீட்டரைத் திருத்தி வைக்க மறந்துவிட்டேன். பணிமனையில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். பைலட் என் சீட்டை எழுத்துக்கு எழுத்து மதித்துத்தான் ஓட்டியிருக்கிறார்.

8. இறக்கத்தில் முள் மூவாயிரம் காட்டும்போது இன்ஜின் உண்மையில் நாலாயிரத்தில் சுற்றும். வண்டியின் எடையே இன்ஜினைத் தள்ளும்போது, சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அதைத் தடுக்க முடியாது. இன்ஜின் உடைந்து சக்கரம் இறுகினால் மலைப்பாதையில் என்ன ஆகும் என்பதை எழுதக் கை வரவில்லை. உள்ளே மூன்று பேர். அதில் ஒருத்தி என் மனைவி.

9. அன்றே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பது நியாயம். வாய்வரை வந்தது. என் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடமாகிறது. “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டாள். பைலட் பக்கத்தில் நின்று, “அண்ணன் கை வச்சா தப்பாகுமா?” என்றார். என் வேலை என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. “சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை.

10. ஆகையால், வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த வேனை ஆய்வுக்கு அழைத்து, மீட்டர் தவறு என்று தாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லி நிறுத்தி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனு பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம். நாளை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் தங்கள் அலுவலகம் ஏதும் செய்யாவிட்டால், நானே போய் அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். தயவுசெய்து என்னை அந்த நிலைக்கு ஆளாக்க வேண்டாம் ஐயா.

இணைப்பு: என் கையால் எழுதிய சீட்டின் நகல்.

நாள்: மூன்றாம் தேதி, புதன்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஃபிட்டர்