அப்பா சொன்ன எடை

திருவனந்தபுரம்
ஞாயிறு

அன்புள்ள ஆதிரா,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, அது முழுப் பொய்யும் இல்லை, படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் மெயில்.

அப்பாவுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று. கதிர்வீச்சையும் ஊசியில் ஏற்றும் மருந்தையும் குறைத்து எடுக்கப்போகிறார்கள் என்றதும் நீ வேண்டாம் என்றாய், புற்றாக இருந்து கண்ணில் படாமல் போனால் என்ன செய்வது என்று. எனக்கும் அதே பயம்தான். குறைப்பது நோயாளிக்காகவா, ஆஸ்பத்திரிச் செலவுக்காகவா என்று டாக்டர் ஸ்ரீலட்சுமியிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சர்க்கரையால் அப்பாவின் சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருக்கிறது, மருந்து கூடினால் அதற்குச் சுமை, ஸ்கேன் மெஷினின் வோல்ட்டேஜைக் குறைத்தால் கதிரும் குறையும், அதே மருந்து படத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும், அதனால் கொஞ்சம் மருந்தே போதும் என்றார். இதில் எது தெரியாமல் போகும் என்று கேட்டேன். பருமனான ஆள் என்றால் ஈரலில் சின்னப் புள்ளி தப்பலாம், அவர்களுக்கு இப்படிக் குறைக்கமாட்டோம், சாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்றார். எதை இழப்போம் என்றும் சொன்னதால்தான் சம்மதித்தேன்.

மருந்தை எடை பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். டெக்னீஷியன் ராகேல் கேட்டதும் அப்பா தயங்காமல் எழுபத்திரண்டு என்றார். அந்தப் பெண் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எடை மெஷினைக் காட்டி, ‘சாரே, அது போன ஓணத்துக்க வெயிட்டாக்கும், இதுல ஒண்ணு கேறி நில்லுங்க’ என்றாள். அறுபத்துமூன்று. பழவங்காடிக் கடைத் தராசு மாதிரி உங்க மெஷினும் குறைச்சுத்தான் காட்டும் போல என்று அப்பா சிரித்தார், அவளும் சிரித்துக்கொண்டே மருந்தை இன்னும் குறைத்தாள். உலோகம் எதுவும் கூடாது என்றதால் பெல்ட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதில் இரண்டு புதிய துளைகள். கிழக்கேகோட்டையில் செருப்புத் தைப்பவரிடம் போட்டிருக்கிறார். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு நடந்தது வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன். அவர் வெளியே வரும்வரை அதைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. கணையக் குழாயில் கல், நாள்பட்ட வீக்கம், அதனால்தான் வலியும் மெலிவும், புற்று என்று சந்தேகப்பட எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டோடு மாத்திரை, எடை திரும்பும் என்கிறார் டாக்டர், பார்க்கலாம். மூன்று மாதத்துக்கொரு முறை சி.டி. எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதே. இப்போதைக்கு அல்ட்ராசவுண்ட் போதும், வலி மாறினால் மட்டும் மறுபடி எடுக்கலாம் என்றிருக்கிறார். அப்பாவிடம் பெல்ட் பற்றி நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. மெலிந்துவிட்டாய் என்று வீடியோவில் அவர் உன்னைச் சொன்னால் மட்டும் சண்டை போடாமல் கேட்டுக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா எழுதினால் பத்மநாபசுவாமி துணை என்று முடிப்பார், அவருக்காக அதையும் எழுதிவிடுகிறேன், என் ஆசீர்வாதம் தனியாக உண்டு. மறக்காமல் ஒன்று, டிசம்பரில் வரும்போது அவருக்குப் புதுப் பெல்ட் வாங்கி வராதே. பழைய துளைக்கே அவர் திரும்பி வரட்டும்.

அன்புடன்,
அம்மா