பத்தாவது வேட்டு

கிழக்கு வாய் முகாம்
டிசம்பர் 3, 1872

என் மகள் யூனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் குழந்தையும் அந்தச் சிகாகோ குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். குழந்தைக்குச் சளி என்றாயே, வாத்துக் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தடவு, சமையல்காரியான உனக்கு அதுகூடவா கிடைக்காது. இங்கே பனி கொட்டுகிறது, சுரங்கத்து ஆட்களுக்கு உருளைக்கிழங்கு அவித்துப் போட்டே என் இடுப்பு கழன்றுவிட்டது.

உன் கடிதம் வந்தது. டெர்மட் என் தம்பியே இல்லை, என் புருஷனைக் கொன்றவன் முகத்தில் சாகும்வரை விழிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். மறைத்துவிடத்தான் பார்த்தேன், அவன் விடவில்லை, முழுசும் படிம்மா என்று முன்னால் உட்கார்ந்துவிட்டான். கேட்டு முடித்ததும், அக்கா சொல்றது சரிதானேம்மா என்று எழுந்து வேலைக்குப் போய்விட்டான். உன்மேல் கோபம் இல்லை யூனா, மாலக்கி எனக்கு மருமகனா, பெறாத பிள்ளை அல்லவா.

டெர்மட் பார்த்த வேட்டு எண்ணுகிற வேலை உனக்குத் தெரியும், பத்துத் துளையில் வெடிமருந்து வைத்தால் பத்துச் சத்தம் கேட்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைகிறார்களே, நடுப்பாறை மெலிந்த பிறகு கிழக்கும் மேற்கும் மாறி மாறித்தான் வேட்டு வைக்க வேண்டும் என்றும் பேச்சு. அன்றைக்கு மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள், நம் ஊர் வழக்கப்படி நான் வாசலில் சேவல் ரத்தம் தெளித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் மாலக்கியைத் தூக்கி வந்தார்கள். வெடிக்காத துளை ஒன்று கிடந்து அவன் உளி அதில் பட்டு வெடித்துவிட்டது. டெர்மட் பத்து கேட்டேன் என்று சத்தியம் செய்தான். குடித்திருப்பான், தூங்கியிருப்பான் என்று முகாமே பேசியது. எதிரொலியா இருக்கும்மா என்று கடைசியில் அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை மலை திறந்துவிட்டது. மேற்குப் பக்கத்து ஆட்கள் ஓட்டை வழியாகக் கை நீட்டினார்கள், விஸ்கி வந்தது, பாட்டும் அழுகையுமாக எல்லோரும் என் விடுதிக்குத்தான் சாப்பிட வந்தார்கள். அதில் ஃபெர்கல் என்று ஒரு வாயாடி. எவன் முதல்ல துளைக்கிறான்னு பந்தயமாச்சே, மார்ட்டின் திருநாள்ல சக்கரம் சுத்தக் கூடாது, மண்வண்டி ஓடாது, ஒரு நாள் வீணாப் போயிடுமேன்னு முந்தின நாளே உங்க முறையில நாங்களும் ஒண்ணு வெச்சோம்ல, உங்க சத்தத்தோட கலந்து போச்சு, ஒரு பயலுக்கும் தெரியல என்று சிரிக்கிறான். டெர்மட் எண்ணிய பத்தாவது சத்தம் அதுதான். கையிலிருந்த சூப்புக் கரண்டியால் அவன் மண்டையில் ஒன்று போட்டேன், அதற்காக நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவதில்லை.

பழி தீர்ந்தது, பிள்ளை இனி வாய்விட்டு அழுவான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை. அது யார் பக்கத்துச் சத்தம்னு தெரியாமத்தானே மச்சானை உள்ளே அனுப்பினேன் என்கிறான். இப்போது சுரங்கத்தை அகலப்படுத்துகிறார்கள், ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் இவன் ஒற்றை ஆளாக முதலில் உள்ளே போய்ப் பழைய துளைகளைக் கையால் தடவிப் பார்க்கிறான். யாரும் சொல்லவில்லை, மேஸ்திரிக்கென்ன, ஓசியில் ஆள் கிடைத்தது. நேற்று வெடிக்காதது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு வந்து சிரித்தான் யூனா. மாலக்கி போன பிறகு முதல்முறை சிரித்தான், அதைப் பார்த்துத்தான் எனக்குக் குலை நடுங்கியது.

கெஞ்சிப் பார்த்தேன், பாதிரியார் திட்டிப் பார்த்தார். அக்கா கூப்பிட்டா சிகாகோவுக்குப் போறேன், இல்லேன்னா இங்கதான் கிடப்பேன் என்கிறான். மன்னித்தேன் என்று எழுத மனம் வராவிட்டால் எழுதாதே. உன் புருஷனைத் திருப்பித் தர என்னால் முடியாது, என் பிள்ளையைத் திருப்பித் தர உன்னால் முடியும். வா என்று ஒரு சொல் போதும்.

குழந்தையின் நெற்றியில் என் பேரைச் சொல்லிச் சிலுவை போடு. மாதா உங்களைக் கைவிட மாட்டாள். மறக்காதே, கடிதம் போடாதே மகளே, அது வந்து சேர்வதற்குள் இங்கே எத்தனை வேட்டு வைப்பார்களோ. தந்தி கொடு.

உன் அம்மா,
ஹனோரா