அறுபத்தொரு கிலோ

இரும்புச்சத்து ஊசி போடும் அறையில் இருந்த சிஸ்டருக்கு, வணக்கம். மாற்றலாகிப் போன ஊரில் நீங்கள் நலமாக இருக்கக் கடவுள் துணை.

உங்களை ‘இன்ஸ்பெக்டரம்மா’ என்று கூப்பிடுவாரே, அவருடைய மனைவி எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷமாக அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘இந்தாம்மா’. போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் கடிதம்.

அவருடைய இதயம் பலவீனம் என்பது உங்களுக்குத் தெரியும். இதயம் சரியாகத் தள்ளாவிட்டால் சிறுநீரகம் வாடுமாம். அது வாடினால் ரத்தம் ஊறாதாம். ரத்தம் குறைந்தால் இதயத்துக்கு இரட்டை வேலையாம். உடம்பில் நீர் தங்கினால் முதலில் எடைதான் ஏறுமாம். பள்ளிக்கூடம் அதிகம் போகாத நான் இதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். குடிக்கும் தண்ணீர், மாத்திரை, காலை எடை எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். நர்ஸுகள்கூட இவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார்கள் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

நீங்கள் போனபின் ஒரு மாதம் முழுக்க எடை அறுபத்தொன்று. நோட்டை நம்பி, சிறுநீரகம் பிழைக்கட்டும் என்று டாக்டர் நீர் மாத்திரையைக் குறைத்தார். பத்தாம் நாள் கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே எடை அறுபத்தைந்து. ரத்த அளவும் எட்டுக்கு இறங்கியிருந்தது. மிஷினில் ஏறி எண்ணைச் சொல்வது அவர், எழுதுவது மட்டும்தான் நான்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். “எடை ஏறினா நீ பட்டினி கிடந்து பிரார்த்தனை பண்ணுவே. அப்புறம் உன்னை யாரு தூக்குறது? இன்ஸ்பெக்டரம்மா இருந்திருந்தா அவங்ககிட்டயாவது சொல்லியிருப்பேன். அவங்களும் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்க” என்றார்.

நீங்கள் சொல்லாமல் போகவில்லை. அவரிடம் கொடுக்கச் சொல்லி, முகவரியும் நம்பரும் எழுதிய சீட்டை என்னிடம்தான் தந்தீர்கள். நான் கொடுக்கவில்லை.

இந்த வயதில் இது என்ன புத்தி என்று நீங்கள் சிரிக்கலாம். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் மனுஷன், உங்கள் அறைக்கு வருகிற நாளில் மட்டும் சட்டையை இஸ்திரி போடச் சொல்வார். போட்டது என் கை. என்னிடம் உம்மென்று இருக்கும் முகம் உங்களிடம் மலரும். வெளி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எத்தனை தடவை சிரித்தார் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இனி எடையை நானே குனிந்து பார்த்துக்கொள்வேன். ஆனால் எத்தனை தலையணை வைத்தால் தூக்கம் வருகிறது, குளியலறை வரை நடந்தால் நெஞ்சு என்ன சொல்கிறது, இதையெல்லாம் எந்த மிஷின் காட்டும்? நான் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்பார். அதை நம்பி இன்னொரு தடவை டாக்டரிடம் போக எனக்குத் தைரியமில்லை.

வாரம் ஒருமுறை அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நீங்களாகவே கூப்பிட்டதாக இருக்கட்டும், நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம். அவர் சொல்லும் உண்மையை எனக்கு இரண்டு வரி எழுதிப்போடுங்கள். சிரித்தாரா என்பதை மட்டும் எழுத வேண்டாம்.

உங்களுக்காக இன்று காலை முதல்முறையாகப் பிரார்த்தனை செய்தேன். முழு மனதோடு என்று பொய் எழுத மாட்டேன். கடவுள் மீதியைச் சேர்த்து உங்களை நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி